ஐந்து ரூபாயில் தெரிந்த இரட்டை எழுத்து

செம்பு நிக்கலில் தடிமனாக வந்த பழைய ஐந்து ரூபாய் நாணயம் அது. 1,200 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ‘டபுள் டை’, அதாவது அச்சிலேயே உருவம் இரண்டாகப் பதிந்த நாணயம் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆண்டின் நான்கு இலக்கங்களும் இரட்டையாகத் தெரிந்தன. தக்கலைக்குக் கொண்டுவந்து, ஆச்சி விட்டுச்சென்ற பழைய திருவிதாங்கூர்ச் சக்கர நாணயங்கள் கிடக்கும் தகர டப்பாவிலேயே வைத்தேன். சக்கரம் 28 சேர்ந்தால் ஒரு ரூபாய் என்று ஆச்சி கணக்குச் சொல்வார். நாணய ஆசை எனக்கு வந்ததே அந்த டப்பாவில் இருந்துதான்.

ஆனால் மனம் ஒப்பவில்லை. ஒரு வாரம் கழித்து நாகர்கோவில் வடசேரியில் கடிகாரம் பழுது பார்க்கும் அண்ணாச்சியிடம் போனேன். கண்ணில் லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியைச் செருகி, மேசை விளக்கின் கீழே நாணயத்தை மெல்லச் சாய்த்தார். “தம்பி, இந்த இடம் கண்ணாடி மாதிரி மினுங்குகிறதே, பார்த்தீர்களா? உலோகத்தை ஏதோ இழுத்துத் தேய்த்திருக்கிறது” என்றார். நாணயம் சேர்க்கும் பழக்கமே அவருக்கு இல்லை. உலோகம் தெரிந்த கை அது.

லூப்பை வாங்கி நானும் பார்த்தேன். இரண்டாவது இலக்கம் என்று நான் நினைத்தது ஒரு தட்டையான படி. இலக்கத்தின் ஓரத்தைச் சீவித் தள்ளி உண்டானது. அந்தப் பக்கம் இலக்கமே ஒல்லியாகியிருந்தது.

விஷயம் இதுதான். எழுத்தும் உருவமும் மேடாக உள்ள தாய் அச்சை எஃகில் அழுத்தித்தான் நாணயம் அடிக்கும் அச்சைச் செய்கிறார்கள். முன்பெல்லாம் ஒரே அச்சுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்த வேண்டியிருந்தது. இடையில் சற்றே திரும்பிவிட்டால் அச்சிலேயே இரண்டு உருவம் பதிந்துவிடும். அது டபுள் டை. எழுத்து தடிக்கும், இரண்டு உருவமும் மேடாக உருண்டு நிற்கும், மூலைகளில் பிளவு தெரியும். அமெரிக்காவின் 1955 ஒரு சென்ட் இதற்குப் பெயர் பெற்றது. வெறும் கண்ணுக்கே இரட்டை தெரியும். என் நாணயத்தில் தெரிந்ததோ மெஷின் டபுளிங் போலிருந்தது. அதில் அச்சு குற்றமற்றது. அடித்த அடுத்த நொடியில், இறுக்கம் தளர்ந்த அச்சு அசைந்து புது எழுத்தைச் சிராய்த்துவிடுகிறது. சேகரிப்பாளர்கள் இதற்குத் தனி விலை கொடுப்பதில்லை.

எனக்கு இன்னும் ஒரு சான்று வேண்டியிருந்தது. டபுள் டை என்றால் அதே அச்சில் அடித்த அத்தனை நாணயத்திலும் அதே இரட்டிப்பு, அதே திசையில், அதே அளவில் இருந்தாக வேண்டும். மாமாவின் தேநீர்க் கடை கல்லாவை மூன்று வாரம் இரவில் கொட்டி அலசினேன். அதே ஆண்டு, ஆண்டின் கீழே அதே நாணயச்சாலைக் குறி உள்ளவை மட்டும் பதினான்கு தேறின. இரண்டில் படி இருந்தது. ஒன்றில் இடப்பக்கம், மற்றதில் மேலே. பதினொன்றில் எதுவும் இல்லை.

மீதமுள்ள ஒன்றைத்தான் இன்னும் கையில் வைத்திருக்கிறேன். அதில் பளபளப்பு இல்லை. ஓர் எழுத்தின் மேல் மூலை உளியால் கொத்தியதுபோல் பிளந்திருக்கிறது, எழுத்தும் தடித்திருக்கிறது. தேய்ந்த அச்சிலும் எழுத்து தடிக்கும் என்பதால் அவசரப்படவில்லை. அதே பிளவோடு இன்னொன்று கிடைக்க வேண்டும். மார்த்தாண்டத்தில் பஸ் நடத்துநராக இருக்கும் அத்தானிடம் சில்லறைப் பையைக் கேட்டிருக்கிறேன், சனிக்கிழமை கொண்டுவருகிறார்.