அரை பி.எஸ்.ஐ.

நவம்பர் 30, 2015, திங்கள்

தீபாவளியிலிருந்து இதே கதைதான். காலையில் வெயில் அடிக்கிறது, சரி, விட்டது என்று நினைத்தால் மாலைக்குள் இருட்டிக்கொண்டு வருகிறது. அம்மா போனில், “கிணத்துல கையாலயே மொண்டுக்கலாம் போலிருக்கு” என்றாள். போன 16ஆம் தேதி, சென்னையை ஒட்டிய முடிச்சூரில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் வரை வந்த தண்ணீரின் கோடு சுவரில் அப்படியே இருக்கிறதாம். துடைக்க வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

எங்கள் டி.வி. சேனல் ஆபீஸ் பேஸ்மென்ட்டில் 40 மணல் மூட்டை அடுக்கியாயிற்று. ஜெனரேட்டர் அங்கேதான் இருக்கிறது. சத்தம் ஸ்டுடியோவுக்குக் கேட்கக் கூடாது என்று கட்டிடம் கட்டும்போது யாரோ எடுத்த முடிவு. 16ஆம் தேதிக்கு அப்புறம் இரண்டு மெயில் போட்டேன். “நோட்டட்” என்று ஒரு வரி பதில் வந்தது.

டிசம்பர் 1, செவ்வாய்

விடாத மழை. மத்தியானத்திலிருந்து போன் மேல் போன்: “உங்க சேனல் வரலையே?” சேனல் போய்க்கொண்டுதான் இருக்கிறது. நம் அப்லிங்க், அதாவது சாட்டிலைட்டுக்கு மேலே அனுப்பும் சிக்னல், சி பேண்ட், 6 ஜிகாஹெர்ட்ஸ். அதை மழை பெரிதாக ஒன்றும் செய்யாது. வீடுகளின் மொட்டை மாடியில் இருக்கும் சின்ன டி.டி.எச். தட்டு கே.யு. பேண்ட், 12 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம். கன மழை அதை அப்படியே குடித்துவிடும். நாங்கள் சுத்தமாக மேலே அனுப்புகிறோம், கீழே வரும்போது வழியிலேயே கரைந்துபோகிறது. இதைப் போனில் யாருக்கு விளக்குவது? “மழை விட்டதும் வரும் சார்” என்று சொல்லி வைக்கிறேன்.

மாலை 6.10க்குக் கரண்ட் போனது. யு.பி.எஸ். தாங்கியது, 12 விநாடியில் ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. திரையில் ஒரு துடிப்புகூட இல்லை. ஒளிபரப்பைக் கட்டுப்படுத்தும் அறையில், எம்.சி.ஆரில், யாரும் தலை நிமிரவில்லை. எங்கள் வேலையே அதுதான், எதுவும் நடக்காததுபோல் இருப்பது.

இரவு 11. முடிச்சூர் லேண்ட்லைன் அடிக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

டிசம்பர் 2, புதன், அதிகாலை

செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 29,000 கன அடி. திரையின் கீழே ஓடும் வரிகளைப் போடும் ஸ்க்ரோல் தம்பி அடித்துக்கொண்டே கேட்டான்: “அண்ணே, இது நிமிஷத்துக்கா, விநாடிக்கா?” விநாடிக்கு என்றேன். கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான்.

அந்தத் தண்ணீர் முடிச்சூருக்கு வராது. அது கீழே, திருநீர்மலைப் பக்கம்தான் அடையாற்றில் சேருகிறது. முடிச்சூருக்கு வருவது ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரிகளின் தண்ணீர். வரைபடத்தை நான்கு முறை பார்த்துவிட்டேன். ஆதனூர் ஏரியைப் பற்றி ஸ்க்ரோலில் ஒரு வரியும் இல்லை.

3.40. டீசல் மூன்று கேன்.

டிசம்பர் 2, இரவு

எழுதவே தெம்பில்லை, ஆனால் எழுதாவிட்டால் வரிசை மறந்துவிடும்.

விடியும்போது பேஸ்மென்ட்டில் இடுப்பளவு தண்ணீர். மோட்டார் வைத்துத் தெருவுக்கு இறைத்தோம், தெரு திருப்பித் தந்தது. ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் டி.ஜி. அண்ணன் அதன் பீடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆல்டர்னேட்டருக்கு இரண்டு விரல்கடை பாக்கி இருக்கும்போது, “தம்பி, நானே நிறுத்திடறேன். தண்ணி நிறுத்தினா அப்புறம் இது எழுந்திருக்காது” என்றார். சரி என்றேன். அவர் நிறுத்திய பிறகு வந்த அமைதி இருக்கிறதே, இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டிடத்தில் நான் கேட்டதே இல்லை.

யு.பி.எஸ். பேட்டரி 30 நிமிஷம். வாடகை ஜெனரேட்டர் லாரி தெருமுனை வரை வந்து நின்றுவிட்டது. நாங்கள் ஆறு பேர் கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டு படிக்கட்டு வழியாக இழுத்தோம். 22ஆவது நிமிஷம் லோடு ஏறியது.

இதில் நான் மறந்துபோன ஒன்று உண்டு. டிஷ்ஷுக்குச் சிக்னலைக் கொண்டுபோகும் வேவ்கைடு குழாய்க்குள் எப்போதும் உலர்ந்த காற்றை அழுத்தி வைத்திருக்க வேண்டும், அரை பி.எஸ்.ஐ. அளவுக்கு, அதாவது சதுர அங்குலத்துக்கு அரை பவுண்டு அழுத்தம். அதற்கென்று காற்றை உலர்த்தும் ஒரு சின்ன டிஹைட்ரேட்டர் மூலையில் முனகிக்கொண்டே இருக்கும். யாரும் திரும்பிப் பார்க்காத பெட்டி. காற்று குறைந்தால் ஈரம் உள்ளே போகும், ஈரம் போனால் குழாய்க்குள் பொறி பறக்கும், பவர் ஆம்ப்ளிஃபயர் தானாக டிரிப் ஆகிவிடும். அந்தப் பெட்டிக்கு யு.பி.எஸ். லைன் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கொடுக்கவில்லை. முள் 0.5இல் இருந்து 0.2க்கு இறங்கியிருந்தது. பழைய நைட்ரஜன் சிலிண்டர் ஒன்று படிக்கட்டுக்கு அடியில் இருந்தது நல்லதாகப் போயிற்று. ரெகுலேட்டரை மாட்டித் திருகினேன். முள் எழுந்தது. ஏனோ தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கேரியர், அதாவது மேலே போகும் எங்கள் சிக்னல், விழவில்லை. லாக் புத்தகத்தில் அப்படித்தான் எழுதினேன்.

அம்மா எடுக்கவில்லை.

டிசம்பர் 3, வியாழன்

சர்வர் அறை 34 டிகிரி. வாடகை ஜெனரேட்டர் எல்லா ஏ.சி.யையும் இழுக்காது. பாதி ரேக்கை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்து, டேபிள் ஃபேனை நேராகத் திருப்பிவிட்டிருக்கிறோம். ஸ்டுடியோவில் இரண்டே எல்.இ.டி. விளக்கு. செய்தி வாசிக்கிற பெண் இடைவேளையில் ஃபைலை எடுத்து விசிறிக்கொள்கிறாள். சீரியல் எதுவும் இல்லை, பழைய படம் ஒன்றும் செய்தியும் மாறி மாறி ஓடுகின்றன.

செல்போன் சிம்கள் வழியாக நேரலை அனுப்பும் பேக்பேக் ஒன்றும் உபயோகமில்லை. அதற்குள் எத்தனை சிம் போட்டால் என்ன, எல்லாமே ஏதாவது ஒரு செல்போன் டவரை நம்பித்தான் இருக்கின்றன. டவர் பேட்டரி சில மணி நேரத்துக்குமேல் வராது, டீசல் கொண்டுபோகிறவர் தண்ணீரைத் தாண்டி அங்கே போய்ச்சேர வேண்டும். நேற்றிலிருந்து கை கொடுப்பது சாட்டிலைட் வேன்தான், கிழட்டு வண்டி. சைதாப்பேட்டையில் மறைமலை அடிகள் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டு அனுப்புகிறது. அந்தப் பக்கம் இருப்பவர்களைப் பற்றி எங்களிடம் படமே இல்லை. படம் இல்லாத ஊர் செய்தியிலும் இல்லை.

‘தி ஹிந்து’ நேற்றுச் சென்னையில் வரவில்லையாம். மறைமலைநகர் அச்சகத்துக்கு ஆட்கள் போக முடியவில்லை. 1878இலிருந்து இப்படி நடந்ததே இல்லை என்கிறார்கள். “பேப்பரே வரல, நாம ஓடுறோம் பாத்தியா” என்று மேலிடத்தில் ஒரே பெருமை. நானும் சிரித்து வைத்தேன்.

பிரதமர் ஹெலிகாப்டரில் சுற்றிப் பார்த்த நாள். மேலிருந்து எடுத்த படங்கள் மாலை முழுக்க வந்துகொண்டிருந்தன. மானிட்டரில் நிறுத்தி நிறுத்தி முடிச்சூரைத் தேடினேன். கூரைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன.

டிசம்பர் 4, வெள்ளி

லேண்ட்லைன் இன்று அடிக்கவும் இல்லை.

டிசம்பர் 4, இரவு

டீசல். டீசல். டீசல். மணிக்கு 30 லிட்டர் குடிக்கிறது. ஒரு பேரல் ஏழு மணி நேரம் வராது. பங்கில் கேனில் ஊற்ற மாட்டோம் என்கிறார்கள், லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் யோசிக்கிறார்கள். ஒரு பங்கில் டேங்க் நிறைய டீசல் இருக்கிறது, பம்பை ஓட்டக் கரண்ட் இல்லை. அவர்களுடைய ஜெனரேட்டரில் டீசல் இல்லை! கீழே கடலாக இருக்கிறது, மேலே எடுக்க ஆளில்லை. டி.ஜி. அண்ணன் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்.

முள் 0.5. மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 5, சனி

நம் தெருக் கேபிள்காரர் டீ குடிக்க வந்தார். “உங்க சிக்னல் எனக்கு ஜம்முனு வருது சார். என் ஆபீஸ்ல பேட்டரி இருக்கு. ஆனா கம்பத்துல இருக்கிற ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட்? வீட்ல டி.வி.க்குக் கரண்ட்?” என்று கேட்டுவிட்டு டீயை ஊதினார்.

நான்கு நாளாக உயிரைக் கொடுத்து யாருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன்? தண்ணீரில் இருப்பவர்கள் யாரும் பார்க்கவில்லை. பார்க்கிறவர்கள் மதுரையில், கோவையில், துபாயில், சிங்கப்பூரில் இருக்கிறார்கள். ரிசப்ஷனில் வரும் போனெல்லாம் அங்கிருந்துதான்: அப்பா வேளச்சேரியில், மாமியார் ஜாஃபர்கான்பேட்டையில், இந்த விலாசத்தைக் கொஞ்சம் போடுங்கள். ஸ்க்ரோல் தம்பி போடுகிறான். ஒரு சுற்று வர இப்போது 40 நிமிஷம் ஆகிறது. தண்ணீருக்குள் இருப்பவர்களுக்கு வேண்டியது டிரான்ஸிஸ்டர். டி.ஜி. அண்ணனிடம் ஒன்று இருக்கிறது, இரண்டு பென்சில் பேட்டரி, 101.4 ரெயின்போ. பேஸ்மென்ட் படியில் உட்கார்ந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார், எங்கள் சேனலை இல்லை.

இரவு 9. தம்பி என்னைப் பார்க்காமலே கேட்டான்: “அண்ணே, முடிச்சூர் விலாசம் சொல்லுங்க.” வரிசையில் வரட்டும் என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பத்து நிமிஷம் கழித்து நானே போய்ச் சொன்னேன். வரிசையில் போடவில்லை, மேலேயே போட்டான். தடுக்கவில்லை நான்.

டிசம்பர் 6, ஞாயிறு

விமான நிலையம் திறந்துவிட்டார்கள். வெயில்.

டிசம்பர் 6, இரவு

சிங்கப்பூரிலிருந்து முன்பின் தெரியாத ஒரு அம்மா. ஸ்க்ரோலில் தெருப் பெயரைப் பார்த்தாராம், அவருடைய அக்கா வீடும் அதே தெருதான். அக்காவுக்கு இன்று மதியம்தான் போன் கிடைத்தது, மாடியில் 14 பேர் இருக்கிறார்கள், அதில் “மூக்குத்தி போட்ட டீச்சரம்மா” ஒருவர். அம்மா டீச்சர் இல்லை. ஆனால் எல்லோரும் அவளை அப்படித்தான் நினைத்துக்கொள்வார்கள்.

அந்த நம்பரில் மூன்று தடவை முயன்றேன். நான்காவது தடவை எடுத்தாள். “சாப்பிட்டியா?” என்றாள். அப்புறம் சுவர்க்கோடு, அதற்கு மேலே போய்விட்டதாம், ஃபேன் வரைக்கும். லைன் கட்டாகிவிட்டது.

டிசம்பர் 7, திங்கள்

தூங்கினேன்.

டிசம்பர் 8, செவ்வாய்

கரண்ட் நிலையாக இருக்கிறது. நைட்ரஜன் சிலிண்டரைக் கழற்றினேன், டிஹைட்ரேட்டருக்கு யு.பி.எஸ். லைன் இழுத்தேன். யாரிடமும் கேட்கவில்லை.

பேஸ்மென்ட்டில் சேறு வாரியாகிறது. ஜெனரேட்டரைச் சர்வீஸ் செய்து அதே இடத்தில் மறுபடி உட்காரவைப்பதா என்று 11 மணிக்குக் கூட்டம். இரண்டு மெயிலையும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன், “நோட்டட்”டோடு சேர்த்து.