திரும்பிப் போகும் வழியை அடைத்துவிட்டு

நிஜத்தைப் போலச் செய்து பார்க்கும் சிமுலேஷன், ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும் ரோல்-பிளேயிங் இரண்டும்தான் எப்போதும் எனக்குப் பிடித்த கணினி விளையாட்டு வகைகள். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டங்களில் பத்து நிமிடத்துக்கு மேல் மனம் ஒட்டுவதில்லை. இந்த இரண்டு வகையிலும் பெரும்பாலும் ஒரு சலுகை உண்டு. நினைத்தது நடக்காவிட்டால் முன்பு சேமித்து வைத்த பழைய சேவ் ஒன்றை லோடு செய்து, நடந்ததை நடக்காததாக ஆக்கிவிடலாம். அந்தச் சலுகை இல்லாமல் ஆடினால் எப்படி இருக்கும் என்று பார்க்கத் தோன்றியது. இது இதுவரையிலான கதை.

முதலில் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம். ராக்கெட் கட்டி ஏவும் விளையாட்டு. ஒப்பந்தங்களை ஏற்று ஆடும் கேரியர் முறையில் புது ஆட்டம் தொடங்கும்போதே, ஏவிய ராக்கெட்டை ஏவாததாக்கும் வசதியையும் விரைவு லோடையும் அணைத்து வைக்கலாம். இரண்டையும் அணைத்தேன். கையில் கிடைத்த ஒப்பந்தம், கெர்பின் கோளைச் சுற்றியபடி அநாதையாக மிதக்கும் ஒரு விண்வெளி வீரரை மீட்டு வருவது. ஆளில்லாமல் இயங்கும் கட்டுப்பாட்டுக் கருவியை வைத்து, இருக்கையைக் காலியாக விட்டு ஒரு கலத்தை அனுப்பினேன். மீட்கப் போகும் கலத்தில் இடம் இருக்க வேண்டுமே!

கெர்பின் சின்னக் கோள். ஆரம் 600 கிலோமீட்டர்தான். காற்று 70 கிலோமீட்டர் உயரத்தோடு தீர்ந்துவிடுகிறது. வீரர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தார். நான் 80-இல் நின்றுகொண்டேன். முன்னால் போகிறவரைப் பிடிக்க வேகத்தைக் கூட்ட வேண்டும் என்பது சாலையில் பழகிய புத்தி. சுற்றுப்பாதையில் அது செல்லாது. வேகம் கூட்டினால் பாதை மேலே எழும்பும், சுற்று நீளும், நாம் பின்தங்குவோம். 80 கிலோமீட்டரில் நொடிக்குச் சுமார் 2,279 மீட்டர் வேகம், 100-இல் 2,246. கீழே இருப்பவனுக்குத்தான் வேகமும் அதிகம், வட்டமும் சிறியது. சும்மா இருந்தாலே ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் அவரை நெருங்கிக்கொண்டிருந்தேன்.

நிஜத்திலும் இது எளிதில் பிடிபடவில்லை. 1965 ஜூனில் ஜெமினி 4 கலத்தில் போன ஜேம்ஸ் மெக்டிவிட், தம்மைச் சுமந்து வந்த டைட்டன் ராக்கெட்டின் மேல்கட்டத்தை நெருங்கப் பார்த்தார். அதை நோக்கி உந்தியும் அது அகப்படவில்லை. எரிபொருள் குறைந்ததுதான் மிச்சம். அதே ஆண்டு டிசம்பரில் ஜெமினி 6ஏ, ஜெமினி 7-ஐ முறையாக நெருங்கிக் காட்டியது. இந்தச் செய்தியை முன்பே படித்திருக்கிறேன். ஆனால் அது உறைத்தது, வெற்றுத்திரையில் ஒரு புள்ளியைத் துரத்தியபோதுதான்.

சரியான இடம் வந்ததும் நொடிக்கு 16 மீட்டர் அளவுக்கு ஒரு சிறு உந்தல். பாதை மேலே எழுந்து அவர் பாதையைத் தொட்டது. இடைவெளி இரண்டு கிலோமீட்டருக்குக் கீழே வந்தபோது விரல் தானாக, ஆட்டத்தைச் சேமிக்கும் எஃப்5 விசைக்குப் போனது. சேமித்தும் பயனில்லை என்பது விரலுக்குத் தெரியவில்லை. எதிர்த்திசையில் எஞ்சினை மெதுவாக எரித்து, இருவருக்கும் இடையிலான வேகத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். வீரர் தம் கலத்தை விட்டு வெளியேறி, முதுகுப் பையின் உந்துவிசையில் தள்ளாடித் தள்ளாடி வந்து என் கலத்தின் கதவைப் பற்றிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. மீட்கப்படுபவர் நம் குழுவிலேயே சேர்ந்துவிடுவார் என்பது விளையாட்டின் ஏற்பாடு. இவர் எஞ்சினியர். இனி இவரைத் தனியாக அனுப்புவதில்லை என்று வைத்திருக்கிறேன். விளையாட்டில் அப்படி விதி எதுவும் கிடையாது. அது நான் போட்டுக்கொண்டது. சிமுலேஷனுக்குள் ரோல்-பிளேயிங் இப்படித்தான் நுழைகிறது போலும்.

அடுத்தது பால்டர்ஸ் கேட் 3, பேச்சும் சண்டையும் பகடை உருட்டலில் முடிவாகும் ரோல்-பிளேயிங் விளையாட்டு. ஆடியது ஹானர் மோடில். ஒரே ஒரு சேவ்தான். குழு முழுவதும் மடிந்தால் அந்த ஆட்டமும் முடிந்தது. தொடர்ந்து மோசமான எண்களே விழாமல் பார்த்துக்கொள்ளும் ‘கர்மிக் டைஸ்’ அமைப்பை முதல் வேலையாக அணைத்தேன். சமாதானம் சொல்லும் பகடை எனக்கு வேண்டாம். இருபது முகப் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் வேண்டுமென்றால் வாய்ப்பு சரிபாதி. இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கும் அனுகூலம் கிடைத்தால் அது 75 சதவீதம். பேச்சுத்திறன் மிக்க பாணனாக ஒரு கேரக்டரை உருவாக்கியிருந்ததால் பேசியே கடந்துவிடலாம் என்ற தெம்பு இருந்தது.

(இன்னும் ஆடாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) இயற்கையை வழிபடும் துருயிட்களின் தோப்பில் அரபெல்லா என்ற சிறுமி, சிலை திருடியதற்காகப் பாம்பின் முன் நிறுத்தப்பட்டிருப்பாள். அவளை விட்டுவிடும்படி, அங்கே தலைமை தாங்கும் காகா என்ற பெண்ணிடம் வாதாடினேன். பகடையில் விழுந்தது 1. அந்த எண் விழுந்தால் கூட்டல் புள்ளிகள் எத்தனை இருந்தும் தோல்விதான். சிறுமி ஓடப் பார்த்தாள், பாம்பு கொத்திவிட்டது. முன்பெல்லாம் இந்த இடத்தில் யோசிக்காமல் லோடு செய்திருப்பேன். அவள் பிழைத்திருந்தால் இரண்டாம் அங்கத்தில் மறுபடி வருவாள் என்பதும் பழைய ஆட்டத்தில் பார்த்ததுதான். இந்த முறை அந்தப் பகுதியே எனக்கு இல்லை. அதற்குப் பிறகு காகாவுடன் என் பாணன் பேசும் ஒவ்வொரு பேச்சிலும் கடுமையான பதிலையே தேர்ந்தெடுக்கிறேன். வாதத்தில் வென்றிருந்தால் இவன் இனிக்க இனிக்கப் பேசும் சாதாரண ஆளாகவே இருந்திருப்பான்.

பண்ணை நடத்தும் விளையாட்டான ஸ்டார்டியூ வேலியில் அணைக்க எதுவும் இல்லை. படுத்துத் தூங்கினால்தான் அங்கே சேமிப்பு. திருத்த வேண்டுமென்றால் அந்த நாள் முழுவதையும் இழக்க வேண்டும். பருவத்துக்கு 28 நாள், பருவம் மாறினால் அதற்கு ஒவ்வாத பயிர் பட்டுப்போகும். நிதானமான விளையாட்டு என்று பெயர் வாங்கியதுதான் உள்ளதில் கண்டிப்பானது.

பாணன் இப்போது ஐந்தாம் லெவலில் கோப்ளின் முகாமின் வாசலில் நிற்கிறான். கெர்பலில் அடுத்த இலக்கு மன் என்ற நிலவு. அங்கே காற்றே இல்லை என்பதால் பாராசூட் உதவாது. வேகம் முழுவதையும் எஞ்சினாலேயே தணித்து இறங்க வேண்டும். எஞ்சினியருக்குத் துணையாக இன்னும் இருவர் போகும்படி மூன்று இருக்கைக் கலம் வடிவமைத்தாகிவிட்டது. எரிபொருள் கணக்கு இன்னும் பாக்கி.