காலடியில் வான உச்சி

பிப்ரவரி நடுவில் ஜெய்ப்பூர் போனபோது, கோட்டைகளை மறுநாளைக்குத் தள்ளிவிட்டுக் காலையிலேயே ஜந்தர் மந்தருக்குள் நுழைந்துவிட்டேன். ஜெய்ப்பூர் மன்னர் சவாய் ஜெய்சிங் 1734 வாக்கில் கட்டி முடித்த வானாய்வுக்கூடம். தொலைநோக்கி எதுவும் இல்லை. பெரும்பாலும் கல்லும் பளிங்கும்தான்.

வானத்தில் மைல்கல் கிடையாது. ஒரு நட்சத்திரம் எங்கே இருக்கிறது என்று அடுத்தவருக்குச் சொல்ல, தொடுவானம், தலைக்கு நேர் மேலே உள்ள உச்சி, வானம் சுற்றிவரும் துருவம் என்று சில இடங்களை நாமே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாடத்தில் படித்தபோது இவை எனக்கு வெறும் கோடுகள். இங்கே படியும் சுவருமாக நிற்கின்றன.

சாம்ராட் யந்திரம் என்ற பெரிய சூரியக் கடிகாரம் 27 மீட்டர் உயரம். அதன் படிக்கட்டுச் சுவர் 27 பாகை சாய்ந்திருக்கிறது; அந்த ஊரின் அட்சரேகையும் அதுதான். சரிவின் வழியே கண்ணை ஓட்டினால் நேராக வான வடதுருவம். நிழல் விளிம்பை ஒரு கோட்டில் குறிவைத்துப் பார்த்தேன். ஒரு நிமிடத்தில் 6 செ.மீ. போய்விட்டது!

பக்கத்தில் நாடிவலயம், இருபுறமும் முகம் கொண்ட இன்னொரு சூரியக் கடிகாரம்; வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டை வானம் வரை நீட்டினால் வருவது) இணையாகச் சாய்த்த வட்டம். அன்று வெயில் தெற்கு முகத்தில் மட்டும். மார்ச் 21க்கு அப்புறம்தான் வடக்கு முகத்துக்கு வேலை.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது ஜெயப்பிரகாஷ் என்ற கருவி. தரைக்குள் இறங்கிய பெரிய பளிங்குக் கிண்ணம். மேலே குறுக்குக் கம்பிகள், நடுவில் சின்ன வளையம். வானத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து உள்ளே வைத்ததுபோல: விளிம்பு தொடுவானம், அடிமட்டம் உச்சி. கிழக்கே சூரியன் எழும்போது வளையத்தின் நிழல் மேற்கு விளிம்பில் இறங்கும். பளிங்குப் பட்டைகளுக்கு நடுவே இடைவெளி விட்டிருக்கிறார்கள். இரவில் அதில் நின்றுகொண்டு வளையம் வழியாக நட்சத்திரத்தைக் குறிபார்க்கலாம். பக்கத்தில் இதற்கு ஜோடியாக இன்னொரு கிண்ணம்; ஒன்றின் இடைவெளியில் விடுபட்ட வானம் மற்றதில் இருக்கிறது. இந்த யோசனைக்காகவே இன்னொரு முறை போகலாம்.

அடிமட்டம் வழியாக வடக்கு தெற்காக ஓடுவது உச்சிக்கோடு. வளையத்தின் நிழல் அதைத் தொடும் கணம் உச்சிவேளை. 12 மணிக்குக் கைபேசியோடு காத்திருந்தேன். நிழல் தள்ளியே நின்றது. கருவிதான் பிசகிவிட்டதோ என்று நினைத்தேன். பிசகு என் கணக்கில். நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரம். ஜெய்ப்பூர் அதற்கு மேற்கே, சுமார் 27 நிமிடம் பின்னால். பிப்ரவரிச் சூரியன் தன் பங்குக்கு இன்னும் 14 நிமிடம் தாமதம். சரி என்று அங்கேயே நின்றேன். அடிமட்டத்துக்கு வடக்கே, நிழல் கோட்டைத் தொட்டபோது கைபேசியில் 12.41.