சுழல்நிதியைப் பிரித்துக்கொள்ளாத குழு

புதிதாக மகளிர் சுயஉதவிக் குழு தொடங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, அரசு கொடுக்கிற மானியத்தைப் பற்றி, "சுழல்நிதி எவ்வளவு வரும் அக்கா?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பணம் வருவதற்கு முன்னால் செய்கிற வேலையும், வந்த அன்றைக்கு எடுக்கிற முடிவும் அந்தத் தொகையைவிடப் பெரியவை. எங்கள் குழு 2018இல் அதை எப்படிக் கடந்து வந்தது என்று எழுதுகிறேன்.

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊராட்சி. குழுவில் பன்னிரண்டு பேர், நான் குழுவை முன்நின்று நடத்துகிற ஊக்குநர். அப்போது பாதிப் பேருக்கு நூறு நாள் வேலைதான் நிலையான வருமானம். மற்றவர்கள் நடவுக்கும் களையெடுக்கவும் கரும்பு வெட்டவும் போகிறவர்கள். சொந்தமாக ஆடு மாடு வைத்திருந்தவர்கள் இரண்டே பேர்.

சுழல்நிதி என்பது தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில் குழுவுக்குக் கொடுக்கிற மானியம். திருப்பிக் கட்ட வேண்டாம். நம் மாநிலத்தில் மகளிர் திட்ட அலுவலகம் வழியாக வருகிறது. குறைந்தது மூன்று மாதமாவது குழு ஒழுங்காக நடந்திருக்க வேண்டும். அந்த ஒழுங்கைப் பஞ்சசூத்திரம் என்று சொல்கிறார்கள்: வாராவாரம் கூட்டம், தவறாத சேமிப்பு, குழுவுக்குள்ளேயே கடன் கொடுப்பது, அதை ஒழுங்காகத் திருப்புவது, கணக்கைச் சரியாக எழுதுவது. இந்த ஐந்தையும் பார்த்துத்தான் குழுவைத் தரம் பிரிக்கிறார்கள்.

கூட்டமும் சேமிப்பும் எங்களுக்குச் சிரமமாக இல்லை. வாரத்துக்கு ஆளுக்கு 50 ரூபாய். உள்கடன்தான் இழுத்தது. "போட்ட பணம் பேங்கிலேயே பத்திரமா இருக்கட்டும், எதுக்கு வெளியே எடுக்கணும்?" என்று பல பேருக்குப் பயம். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. சீட்டுக் கட்டி ஏமாந்த வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் ஒரு அக்கா பிள்ளைகளின் செலவுக்கு 2,000 ரூபாய் கேட்டார். 100க்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்று தீர்மானம் போட்டுக் கொடுத்தோம். அவர் வாராவாரம் கொண்டுவந்து கட்ட, அதைக் கண்ணால் பார்த்த பிறகு மற்றவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள்.

கணக்கு எழுத, உறுப்பினர் ஒருவரின் மகளைப் பிடித்தோம். பன்னிரண்டாவது முடித்த பெண். ஒரு விதி மட்டும் கறாராக வைத்தோம்: ரொக்கப் புத்தகத்தைக் கூட்டத்தில் உட்கார்ந்துதான் எழுத வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. கடைசியில் அந்தப் பெண் எழுந்து நின்று, கையில் எவ்வளவு, வங்கியில் எவ்வளவு என்று படிப்பாள். அப்புறம் ஒவ்வொருவரும் தன் சேமிப்பு எவ்வளவு, கடன் பாக்கி எவ்வளவு என்று வாயால் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களும் சொல்ல வேண்டும். முதலில் கூச்சப்பட்டார்கள். இரண்டு மாதத்தில், படிக்கிற பெண் ஒரு எண்ணைத் தவறவிட்டால் நாலு பேர் திருத்துகிற நிலைக்கு வந்துவிட்டார்கள்.

தரம் பார்க்க வந்தபோது இதுதான் எங்களைக் காப்பாற்றியது. வந்த மேடம் என்னிடம் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஓரமாக உட்கார்ந்திருந்த வயதான உறுப்பினரைப் பார்த்து, "பாட்டி, குழுவுல உங்க பணம் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார். பாட்டி சேமிப்பைச் சொல்லி, வாங்கிய கடனைச் சொல்லி, அதில் எத்தனை வாரம் கட்டியாயிற்று என்பதையும் சொன்னார். மேடம் புத்தகத்தைத் திறந்து சரிபார்த்தார். அதற்குப் பிறகு என்னிடம் அதிகம் கேட்கவில்லை.

இடையில் நிதிக் கல்விப் பயிற்சி ஒன்று நடந்தது. இப்படிப்பட்ட முகாம்களுக்கு, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டின் நிதியிலிருந்தும் பணம் வருகிறது. பயிற்சி கொடுத்தவர் தருமபுரிக்காரர். தமிழ்நாட்டில் 1989இல் இந்தக் குழுக்கள் அரசுத் திட்டமாகத் தொடங்கிய மாவட்டம் அது. அவர் சேமிப்பின் பெருமையைப் பேசவே இல்லை. "இங்க யாரெல்லாம் தண்டல் கட்டுறீங்க?" என்று கேட்டார். ஏழெட்டுக் கை உயர்ந்தது. 10,000 ரூபாய் தண்டல், கையில் கொடுப்பது 9,000, தினம் 100 வீதம் நூறு நாள். "ஆயிரம் ரூபாய்தானே வட்டி" என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அவர் கரும்பலகையில் போட்டுக் காட்டினார். அசலை நாம் தினமும் திருப்பிக்கொண்டே வருவதால், சராசரியாக நம் கையில் இருப்பது 4,500தான். அதற்கு நூறு நாளில் 1,000 வட்டி. வருடக் கணக்குக்கு 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. எங்கள் உள்கடனுக்கு 12 சதவீதம். அந்தக் கரும்பலகையைப் பார்த்த பிறகு யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஒரு கல்விக்கு மானியம் கொடுப்பதென்றால் இப்படிப்பட்ட கல்விக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று இன்றும் சொல்வேன்.

வங்கியில்தான் அலைந்தோம். எந்த வங்கி என்று சொல்லப் போவதில்லை. சேமிப்புக் கணக்கு தொடங்கப் போனபோது பன்னிரண்டு பேரின் ஆதாரும் போட்டோவும் கேட்டார்கள். இரண்டு பேருக்கு ஆதாரில் பெயர் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் வேறு மாதிரி. ரிசர்வ் வங்கியின் விதிப்படி குழுவின் சேமிப்புக் கணக்குக்கு நிர்வாகிகளின் ஆவணங்கள் போதும். மற்றவர்களுடையதைக் கடன் கொடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். எங்கள் ஊராட்சிக் குழுக்களின் கூட்டமைப்பிலிருந்து அந்த விதியைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்கள். அதை மேசையில் வைத்த பிறகுதான் வேலை நகர்ந்தது. கடன் கேட்டபோதும் இதே கதை. "கணக்கு ஆரம்பிச்சு இன்னும் ஆறு மாசம் ஆகலையே" என்றார்கள். அந்த ஆறு மாதத்தைக் குழுவின் புத்தகத்திலிருந்து எண்ண வேண்டும், வங்கிக் கணக்கு தொடங்கிய தேதியிலிருந்து அல்ல. புத்தகத்தில் வாராவாரம் எழுதிய பக்கங்கள் இருந்ததால் வாதாட முடிந்தது. குழு தொடங்குகிறவர்கள் இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த முடிவு. எங்களுக்கு வந்த சுழல்நிதி 15,000 ரூபாய். வந்த வாரமே, "ஆளுக்கு 1,250, பிரிச்சுக்கலாம்" என்று பேச்சு எழுந்தது. பக்கத்துக் குழு பிரித்துக்கொண்டதாம், யாரும் கேட்கவில்லையாம். சொன்னவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆடி மாதம் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறவருக்கு 1,250 ரூபாய் பெரிய பணம்.

கணக்கு எழுதும் பெண்தான் நோட்டில் போட்டுக் காட்டினாள். அரை வருடச் சேமிப்பு 15,600. சுழல்நிதியைச் சேர்த்தால் 30,600. அப்போதைய விதிப்படி முதல் கடன், குழு நிதியின் ஆறு மடங்கு அல்லது ஒரு லட்சம், எது அதிகமோ அது. பிரித்துவிட்டால் ஒரு லட்சம். பிரிக்காவிட்டால் 1,83,600. ஆளுக்கு ஏறக்குறைய 7,000 வித்தியாசம். "அது கடன்தானே, இது சும்மா வர்ற பணமாச்சே" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அதற்கு இன்னொரு உறுப்பினரே பதில் சொன்னார்: "நாம எப்படியும் கடன் வாங்கத்தான் போறோம். யார்கிட்டன்றதுதான் பேச்சு." பிரிப்பதில்லை என்று தீர்மானம் எழுதி எல்லோரும் கையெழுத்தும் ரேகையும் வைத்தோம்.

வங்கிக் கடன் வந்ததும் முதலில் தண்டலை அடைத்தோம். பிறகு ஒருவர் இரண்டு வெள்ளாடு வாங்கினார், ஒருவர் தையல் மிஷின், ஒருவர் அடகில் இருந்த தாலிச் செயினை மீட்டார். நகையை மீட்பதைச் சொத்துச் சேர்ப்பு என்று அலுவலகத்தில் எழுத மாட்டார்கள். எங்களுக்கு அதுவும் சொத்துதான். வயது வரம்புக்குள் இருந்தவர்களை மத்திய அரசின் இரண்டு காப்பீட்டிலும் சேர்த்தோம். விபத்துக் காப்பீடு அப்போது வருடம் 12 ரூபாய், ஆயுள் காப்பீடு 330. 2022இலிருந்து 20, 436. இரண்டுக்கும் தலா 2 லட்சம்.

அடுத்த வருடம் ஊராட்சிக் கூட்டமைப்பு வழியாகச் சமுதாய முதலீட்டு நிதிக்கு மனுக் கொடுத்தோம். அது கூட்டமைப்புக்கு மானியம், குழுவுக்குக் கடன். நாம் திருப்புகிற பணம் அரசுக்குப் போகாமல் ஊரிலேயே சுற்றுகிறது. நாங்கள் கட்டிய முதல் தவணைகள், காலனியில் புதிதாகத் தொடங்கிய குழுவுக்குப் போயின. அந்தக் குழுவுக்கு ரொக்கப் புத்தகம் எழுதச் சொல்லிக் கொடுத்தது எங்கள் பெண்தான்.