தாய்மீன் வாய் திறக்கும் வரை

பிப்ரவரி 3

காலையிலிருந்தே என் தொட்டியில் ஆண் எல்லோ லேப் (ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த மஞ்சள் சிக்லிட் மீன்) தட்டைக் கல்லின்மேல் உடலை நடுக்கிக் காட்டிக்கொண்டிருந்தது. வேறு எந்த மீனும் அந்த மூலைப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. வந்ததை எல்லாம் விரட்டியடித்தது. பிற்பகலில் ஒரு பெண் இறங்கி வந்தது. இரண்டும் ஒன்றன் வாலை ஒன்று தொடர்ந்து வட்டமடித்தன. முட்டை கல்லைத் தொட்டதுதான் தாமதம், பெண் திரும்பி அதை வாயில் அள்ளிக்கொண்டது. பிறகு ஆணின் குதத் துடுப்பருகே வாயைக் கொண்டுபோயிற்று. விந்து வாய்க்குள் போய் முட்டை அங்கேயே கருவுறுகிறது.

ஆணின் குதத் துடுப்பில் இருக்கும் முட்டைப் புள்ளிகளை உண்மையான முட்டை என்று எண்ணித்தான் பெண் வாயைக் கொண்டுபோகிறது என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் வொல்ஃப்காங் விக்லர் 1962இல் எழுதினார். அழகான விளக்கம். ஆனால் அத்தகைய புள்ளியே இல்லாத இனங்களும் வாயில் அடைகாக்கின்றன. என்னிடம் உள்ள ஆணுக்கும் புள்ளி மங்கலாகத்தான் தெரிகிறது. பெண்ணோ கொஞ்சமும் தயங்கியதாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 6

கன்னத்தில் எதையோ ஒதுக்கிக்கொண்டு பேச மறுப்பவரைப் போல இருக்கிறது பெண். தாடைக்குக் கீழே தோல் இழுபட்டுப் பை போலத் தொங்குகிறது. உற்றுப் பார்த்தால் அந்தப் பைக்குள் ஏதோ மெல்ல உருள்வது தெரியும். மெல்லுவது போன்ற அந்த அசைவு முட்டைகளைப் புரட்டுவதற்கானது. புரட்டாமல் ஒரே இடத்தில் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும்.

உணவு போட்டதும் மற்றவை மேலே பாய்ந்தன. இது பாறை இடுக்கிலேயே நின்றது. பார்த்துக்கொண்டிருந்த அத்தைக்குப் பொறுக்கவில்லை. "பாவம், அதற்கு மட்டும் தனியாகக் கொஞ்சம் போடக் கூடாதா, தம்பி?" என்றார். போட்டாலும் தின்னாது, ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு இப்படித்தான் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 12

முட்டை இன்னும் வாயில்தான் இருக்கிறது. இளம் பெண்கள் முதல் சில ஈற்றுகளைப் பாதியிலேயே விழுங்கிவிடுவது சாதாரணம். அதனால் இந்த வாரத்தைத் தாண்டினால் நிம்மதி.

நண்பர் ஒருவர், "பதினைந்தாம் நாளிலேயே வாயைத் திறந்து குஞ்சுகளை எடுத்துவிடுங்கள், ஒன்றுகூட வீணாகாது" என்கிறார். ஈரக் கையில் தாயைப் பிடித்து, கீழ்த்தாடையை மெல்ல இறக்கி, தண்ணீரில் தலைகீழாகச் சாய்த்தால் குஞ்சுகள் வெளியே விழும். அவற்றின் வயிற்றில் மஞ்சள்கருப் பை இன்னும் ஒட்டியிருக்கும். அது கரையும் வரை தண்ணீர் சுழலும் குழாயில் வைத்து வளர்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முட்டையை விழுங்கிவிடும் பெண்ணுக்கும், ஓர் ஈற்றுக்குச் சில முட்டைகள் மட்டுமே இடும் டிரோஃபியஸ் போன்ற இனத்துக்கும் இதைச் செய்வதில் நியாயம் உண்டு. எல்லோ லேபுக்கு எதற்கு? தாய் சும்மா செய்கிற வேலையைப் பம்பும் குழாயும் வைத்து நாம் செய்வதில் எனக்கு ஆர்வமில்லை. குஞ்சு இரண்டு குறைந்தால் குறையட்டும்.

பிப்ரவரி 20

நேற்றிரவு விளக்கை அணைத்து, மீன்கள் அசந்த பிறகு, தாயைப் பெரிய மென்வலையால் ஒதுக்கி, தண்ணீரோடு ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் முகந்து தனித் தொட்டிக்கு மாற்றினேன். வலையோடு காற்றில் தூக்கினால் பயத்தில் அத்தனையையும் துப்பிவிடக்கூடும். தனித் தொட்டியில் பாதிக்கு மேல் பழைய தொட்டித் தண்ணீர்தான். அங்கேயே பல வாரம் ஓடிய ஸ்பாஞ்ச் ஃபில்டரும் கூடவே வந்தது. புதிய ஸ்பாஞ்சில், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைக் கையாளும் பாக்டீரியா இருக்காது. விசையோடு உறிஞ்சும் ஃபில்டர் வைத்தால் குஞ்சு உள்ளே போய்விடும்.

தொண்டைத் தோல் இப்போது கண்ணாடி போல ஆகிவிட்டது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் உள்ளே இணை இணையாகக் கரும்புள்ளிகள் தெரிகின்றன. கண்கள்!

குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவது தெரிந்த கதை. டாங்கனிக்கா ஏரியின் சினோடான்டிஸ் மல்டிபங்டேட்டஸ் என்ற கெளுத்தி, சிக்லிட்கள் முட்டையிடும்போது நடுவில் புகுந்து தன் முட்டைகளையும் கலந்துவிடும். சிக்லிட் தாய் அவற்றையும் சேர்த்து அள்ளிக்கொள்ளும். கெளுத்திக் குஞ்சு முதலில் பொரித்து, அந்த வாய்க்குள்ளேயே உடன் கிடக்கும் குஞ்சுகளைத் தின்று வளரும். பார்க்க அழகான மீன்தான். குஞ்சு வேண்டும் என்பவர் தொட்டியில் மட்டும் அது வேண்டாம்.

பிப்ரவரி 25

விட்டுவிட்டது. காலையில் விளக்கைப் போட்டபோது பானை ஓட்டுக்கு அடியில் வெளிர்நிறத்தில் சின்னஞ்சிறு உருவங்கள் தரையை ஒட்டித் துள்ளித் துள்ளி நகர்ந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். மஞ்சள்கருப் பை கரைந்துவிட்டது. துடுப்புகள் முழுதாக இருக்கின்றன. எண்ண முயன்றேன். பதினாறா பதினேழா என்று முடிவாகவில்லை.

தாயின் வயிறு ஒட்டி, தலை மட்டும் பெரிதாகத் தெரிகிறது. இப்படியே பெரிய தொட்டியில் விட்டால் மற்றவை கொத்திக் குதறிவிடும். தடுப்பு வலைக்கு அப்பால் வைத்து, சில நாள் சிறிது சிறிதாக உணவு கொடுத்து உடம்பு தேறிய பின்புதான் அனுப்புவேன்.

மார்ச் 1

குஞ்சுகளுக்கு ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் சின்னஞ்சிறு இறால் வகை உயிரி) கட்டாயமில்லை. பல முட்டையிடும் மீன்களின் குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாத அளவில் பிறந்து, நுண்ணுயிர்களைத் தேடும். வாயில் வளர்ந்த இவையோ தூளாக்கிய செதில் உணவை முதல் நாளே விழுங்கும். ஆனாலும் உயிருள்ள உணவில் வளர்ச்சி வேகம் வேறு. அதனால் பொரிக்க வைக்கிறேன்.

அடியை வெட்டிய பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி, லிட்டருக்கு 25 கிராம் உப்பு கலந்த தண்ணீர் ஊற்றி, ஆர்ட்டீமியா முட்டையைத் தூவி, அடியிலிருந்து காற்றைப் பலமாக விட வேண்டும். 27, 28 டிகிரி செல்சியஸில் ஒரு நாளில் பொரித்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் காலி ஓடுகள் மேலே மிதக்கும், பொரிக்காதவை அடியில் தங்கும். கழுத்தருகே ஒரு விளக்கை வைத்தால் பொரித்தவை ஆரஞ்சு மேகமாக அதை நோக்கித் திரளும். மெல்லிய குழாயால் உறிஞ்சி, துணியில் வடித்து, உப்புப் போக அலசிப் போடுகிறேன். பொரித்த சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பிறகு அவை தம் மஞ்சள்கருவைத் தாமே கரைத்துச் சத்திழந்துவிடும்.

போட்ட ஒரு நிமிடத்தில் குஞ்சுகளின் கண்ணாடி வயிறு ஆரஞ்சு நிறத்தில் புடைக்கிறது. எது தின்றது, எது தின்னவில்லை என்று தேடவே வேண்டாம்.

மார்ச் 9

குஞ்சுக்கு நாளுக்கு நான்கு வேளை உணவு. தொட்டியோ சிறியது. எச்சமும் மிச்ச உணவும் அம்மோனியாவாகும்; ஆபத்து அதில்தான் இருக்கிறது. மலாவி மீனுக்கு தண்ணீரின் பி.எச். (அமில-காரத்தன்மை அளவு) 8க்கு மேல் வைக்கிறோம். 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் தண்ணீரில் உள்ள மொத்த அம்மோனியாவில் நஞ்சு வடிவம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு; அதுவே 8.5 ஆனால் ஏறத்தாழ 15 சதவீதம். சோதனைக் குப்பியில் ஒரே நிறம்தான் தெரியும், ஆனால் ஆபத்து பல மடங்கு. ஆகவே நாள் விட்டு நாள் கால் பங்கு தண்ணீர் மாற்றம், அடியில் தங்கிய எச்சத்தைக் காற்றுக் குழாயால் உறிஞ்சல். வாளிக்குள் குஞ்சு ஏதும் போயிற்றா என்று பார்த்த பிறகே ஊற்றுகிறேன்.

மார்ச் 10

தண்ணீர் மாற்றமில்லாத நாள். தின்கின்றன.

மார்ச் 23

ஒன்றின் முதுகெலும்பு வளைந்திருக்கிறது. மற்றவற்றோடு போட்டியிட்டுத் தின்னத்தான் செய்கிறது. வைத்துக்கொள்வேன், யாருக்கும் கொடுக்க மாட்டேன். அதிலிருந்து குஞ்சு எடுக்கும் பேச்சும் இல்லை. மற்றவற்றின் மஞ்சள் கூடிவருகிறது. பெரிய மூன்றின் முதுகுத் துடுப்பில் கறுப்புக் கோடு தெளிந்துவிட்டது.

ஏப்ரல் 14

ஓர் அங்குலத்தை நெருங்குகின்றன. கேட்பவர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். ரெட் ஜீப்ரா என்ற இன்னொரு மலாவி சிக்லிட்டும் எல்லோ லேபும் ஒரே தொட்டியில் இருந்தால் கலந்துவிடும். அந்தக் கலப்புக் குஞ்சுகள் எல்லோ லேப் என்ற பெயரிலேயே கைமாறுவதைப் பார்த்திருக்கிறேன். என் தொட்டியில் வேறு மபுனா (மலாவி ஏரியின் பாறைப் பகுதிச் சிக்லிட்) இல்லை, முட்டையிட்டதை நேரிலும் பார்த்தேன். அதனால் பெயர் சொல்லிக் கொடுக்கலாம்.

ஒரு ஜோடி கேட்டார் ஒருவர். இந்த வயதில் ஆண், பெண் பிரித்தறிய முடியாது. ஜோடியாக வைத்தால் ஆணின் துரத்தலில் பெண் நொந்துபோகும். ஆறு எடுத்துக்கொள்ளுங்கள், வளர்ந்த பின் உபரி ஆண்களைத் திருப்பித் தாருங்கள் என்றேன். சம்மதித்தார். ஞாயிற்றுக்கிழமை தொட்டியின் அளவைக் கேட்டுக்கொண்டு அனுப்புகிறேன்.