"என்னைத் தெரியுதா?" என்று கேட்காதீர்கள்

நினைவும் சிந்தனையும் மெல்ல மெல்லக் குறையும் டிமென்ஷியா உள்ள ஒருவரைப் பார்க்க வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான்: "என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்!" அன்போடுதான் கேட்கிறார்கள். என் அப்பாவிடம் இப்படி யாராவது கேட்டால் அவர் முதலில் சிரிப்பார். அப்புறம் என் முகத்தைப் பார்ப்பார். "தெரியாம என்ன?" என்பார். பெயர் வராது. வந்தவர் விடமாட்டார். "அப்போ பேரைச் சொல்லுங்க." அப்பாவின் விரல்கள் சட்டை நுனியை முறுக்கத் தொடங்கும். வந்தவர் கிளம்பிப் போன பிறகும் மாலை முழுக்க அவர் அறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பார். யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்பது அதற்குள் மறந்திருக்கும். கலக்கம் மட்டும் மறக்காது.

2014-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமர் உள்ளவர்களுக்குச் சோகமான படக்காட்சிகளையும் மகிழ்ச்சியான படக்காட்சிகளையும் காட்டிவிட்டு, அவர்களுக்கு என்ன நினைவிருக்கிறது, மனம் எப்படி இருக்கிறது என்று தனித்தனியாகக் கேட்டார்கள். பார்த்ததில் ஏறக்குறைய ஒன்றும் நினைவில்லாதவர்களிடம்கூட அந்தச் சோகமும் மகிழ்ச்சியும் தங்கியிருந்தன. ஒரு மணி நேரம் வந்து போகிறவர் விட்டுப்போவது என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்த ஆய்வைத்தான் சொல்வேன்.

இந்தப் பதிவை முழுநேரமும் கூட இருந்து கவனித்துக்கொள்கிறவர்களுக்காக நான் எழுதவில்லை. அவர்களுக்கு இதெல்லாம் தெரியும். தொலைவில் இருக்கும் அண்ணன் தம்பி, விசேஷத்துக்கு மட்டும் வரும் அக்கா, பக்கத்து வீட்டுக்காரர், வங்கி ஊழியர், அடுக்ககக் காவலாளி, பேரப்பிள்ளைகள் ஆகியோருக்காக எழுதுகிறேன். டிமென்ஷியா பற்றிய பாடம் முதலில் போய்ச் சேரவேண்டியது இவர்களிடம் என்பது, குடும்பத்தினர் கூடும் எங்கள் மாதாந்தரக் கூட்டத்தில் இத்தனை காலம் உட்கார்ந்து கேட்டதில் எனக்கு உறுதியாகிவிட்டது.

கூட்டம் என்றதும் மேடையும் மைக்கும் மனதில் வரவேண்டாம். வட்டமாக நாற்காலிகள், ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், வந்தவர்களின் பேச்சு. அவ்வளவுதான். மருந்து பற்றிய சந்தேகங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். மீதி நேரம் முழுவதும் மற்ற மனிதர்களைப் பற்றித்தான் பேச்சு. "என் மாமியார் எங்கிட்ட மட்டும்தான் சண்டை போடுறாங்க, நாத்தனார் வந்தா அவ்வளவு தெளிவா பேசுறாங்க. நான்தான் ஏதோ பண்றேன்னு நினைக்கிறாங்க." இதே வாக்கியத்தை வேறு வேறு உறவுமுறைகளோடு எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டுவிட்டேன். ஒரு பெண்ணின் கணவருக்கு ஐம்பதுகளிலேயே ஃபிரான்டோடெம்போரல் வகை டிமென்ஷியா வந்தது. இந்த வகையில் நினைவு ஓரளவு நன்றாக இருக்கும்போதே குணமும் நடத்தையும் மாறத் தொடங்கிவிடும். பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் வருவதால் இதை நோய் என்று யாரும் நினைப்பதில்லை. அவர் பொது இடத்தில் முகத்துக்கு நேரே கடுஞ்சொல் சொல்வார், கேட்காமல் பிறர் பொருளை எடுப்பார். நோய்க்குப் பெயர் கிடைக்கும் வரை குடும்பம் முழுவதும் அந்தப் பெண்ணிடம் சொன்னது, "நீ சரியா பார்த்துக்கல." பெயர் கிடைத்த பிறகும் அதை விளக்கும் வேலை அவருக்கே வந்து சேர்ந்தது. கவனித்துக்கொள்வதோடு கூட ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கும் வேலையையும் அவர் தலையிலேயே வைப்பது எனக்குக் கொடுமையாகப் படுகிறது.

என் அண்ணன் விஷயத்தையும் சொல்கிறேன், அவர் அனுமதியோடு. அவர் இருப்பது வேறு நாட்டில். ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுவார். அந்தப் பத்து நிமிடம் அப்பா பிரமாதமாக இருப்பார். "பசங்க எப்படி இருக்காங்க? வேலை எப்படிப் போகுது? உடம்பைப் பார்த்துக்கோ." போனை வைத்ததும் என்னைப் பார்த்து, "யாரு பேசினது?" என்பார். பழகிய நலம் விசாரிப்புகள், மரியாதைச் சொற்கள், பேச்சின் ஏற்ற இறக்கம் எல்லாம் பல ஆண்டுப் பழக்கத்தில் ஊறியவை. அண்மைக்கால நினைவுகள் போய் வெகுநாள் ஆன பிறகும் அவை நிற்கும். போதாததற்கு, விருந்தாளி முன்னால் சமாளிக்க இந்த நோயாளிகள் தங்களிடம் மிச்சமிருக்கும் கவனத்தையெல்லாம் திரட்டுகிறார்கள். அது சற்று நேரத்துக்குத்தான் தாங்கும். அதன் பிறகு வரும் களைப்பையும் எரிச்சலையும் வீட்டில் இருப்பவர்தான் பார்க்கிறார். அண்ணன், "அப்பா நல்லாத்தானே இருக்கார், நீ ரொம்பப் பதட்டப்படுறே" என்று சொன்னதற்குக் காரணம் இது. அவர் கேட்டது உண்மையிலேயே நல்ல பேச்சுதான்.

விடுமுறைக்கு வந்தவரை நான் கூட்டத்துக்கு அழைத்துப்போனேன். அங்கே யாரோ ஒருவர் தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். அந்தத் தம்பியும் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறவர். அண்ணன் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார். நான் எத்தனையோ முறை சொல்லியும் போகாத செய்தி அன்றைக்குப் போனது. தங்கை சொன்னால் அது குறைகூறலாகக் காதில் விழுகிறது, முன்பின் தெரியாதவர் சொல்லும்போது செய்தியாக விழுகிறது. பிறகு நான் வெளியூர் போய் வந்தேன், அந்த நாட்களில் அப்பாவை அவர் தனியாகப் பார்த்துக்கொண்டார். இரவில் அப்பா எழுந்து "ஆபீஸுக்கு நேரமாச்சு" என்று கதவைத் தட்டுவதைப் பார்த்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமை அவர் அப்பாவிடம் பேசிவிட்டு, அதற்குப் பிறகு என்னிடம் வேறாகப் பேசுகிறார். வீட்டுக் கணக்கு, மருத்துவமனைக் காகிதங்கள், காப்பீடு எல்லாவற்றையும் அங்கிருந்தே பார்த்துக்கொள்கிறார்.

எங்கள் வீட்டில் நடந்தது தற்செயல் என்று நினைத்திருந்தேன். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேரி மிட்டல்மன் என்பவரின் குழு 1987-இல் தொடங்கிய ஆய்வைப் பற்றிப் படித்த பிறகு அப்படி நினைப்பதை விட்டுவிட்டேன். அல்சைமர் உள்ள கணவனையோ மனைவியையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட 406 பேர் அதில் பங்கெடுத்தார்கள். அவர்களில் ஒரு பாதிக்குக் கிடைத்த உதவியின் அமைப்பைப் பாருங்கள்: கவனிப்பவருக்குத் தனியாக 2 ஆலோசனை அமர்வுகள், குடும்பத்தினரை உட்காரவைத்து 4 அமர்வுகள், பிறகு ஆதரவுக் குழு, தேவைப்படும்போதெல்லாம் தொலைபேசியில் ஆலோசனை. குடும்பத்துக்கு இரண்டு மடங்கு! 2006-இல் வெளியான முடிவின்படி, இந்த உதவி கிடைத்தவர்கள் வீட்டிலேயே கவனித்துக்கொண்ட காலம், மற்றப் பாதியினரைவிட இடைநிலைக் கணக்கில் (வரிசையில் நடுவில் வருகிறவரை வைத்துப் பார்த்தால்) 557 நாட்கள் நீண்டது. நோயின் போக்கை இது மாற்றவில்லை. சுற்றியிருப்பவர்களின் துணை கூடியதும், நோயாளியின் நடத்தையைப் பார்த்துக் கலங்குவது குறைந்ததும், மனச்சோர்வு தணிந்ததும் இந்தப் பலனில் பெரும்பகுதிக்குக் காரணமாக இருந்தன.

வீட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கும் சொல்லித்தர முடியும் என்பதற்கு ஜப்பான் இருக்கிறது. 2005-இல் அங்கே டிமென்ஷியா ஆதரவாளர்களை உருவாக்கும் திட்டம் தொடங்கியது. சுமார் 90 நிமிட வகுப்பு. முடித்தவருக்கு ஆரஞ்சு நிறக் கைவளையம் கொடுத்துவந்தார்கள். வங்கி ஊழியர்கள், கடைக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் 1997-இல் உளவியலாளர் பெரே மீசன் அல்சைமர் கஃபே என்று ஒன்றைத் தொடங்கினார். நோயாளி, குடும்பத்தினர், மருத்துவத் துறையினர், ஆர்வமுள்ள பொதுமக்கள் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிற ஏற்பாடு அது. பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு அவரைப் பற்றிப் பேசுவதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் கூட்டத்திலும் இனிமேல் அப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சரி, பார்க்க வருகிறவர் என்னதான் செய்வது? உள்ளே வந்ததும் நீங்களே சொல்லிவிடுங்கள்: "பெரியப்பா, நான் உங்க தம்பி பொண்ணு, மீனா வந்திருக்கேன்." அவர் கண்ணுக்கு நேராக உட்காருங்கள். ஒரு கேள்வி கேட்டால் பதில் வரும் வரை பொறுத்திருங்கள். நாம் நினைப்பதைவிட அதற்கு நேரம் பிடிக்கும், நடுவில் இன்னொரு கேள்வி போட்டால் முதல் கேள்வியும் தொலைந்துவிடும். அவர் முன்னாலேயே அவரைப் பற்றி மூன்றாம் மனிதரைப் போல் பேசாதீர்கள். கேள்வி எதுவும் இல்லாமலேயே கூட இருக்கலாம்.

என் அப்பா ஒரு அச்சகத்தில் நெடுங்காலம் புரூஃப் பார்த்தவர். அவரோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் வரும்போதெல்லாம் அச்சிட்ட தாள் ஒன்றும் சிவப்புப் பேனா ஒன்றும் கொண்டுவருவார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தாளைப் பார்ப்பார்கள். அப்பா ஒற்றுப்பிழைக்குக் குறி போடுவார். பிழை இல்லாத இடத்திலும் சில நேரம் போடுவார். நண்பர் "ஆமாம்" என்பார். நண்பரின் பெயர் அப்பாவுக்கு வராது. அன்று மாலை அவர் வாசலுக்கு நடக்கமாட்டார். அந்த நண்பர் எந்த வகுப்புக்கும் போனதில்லை. தன் நண்பனுக்கு எது கைவந்தது என்பதை அவர் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று, திருத்துவதைப் பற்றி. அப்பா தன் அம்மாவைத் தேடுவார். "அம்மா எங்கே, இன்னும் வரலையே?" வந்திருப்பவர் உண்மையைச் சொல்லிவிடுவார்: "உங்கம்மா போயி எவ்வளவு வருஷமாச்சு!" அப்பாவுக்கு அது அந்த நிமிடம் வந்து சேரும் சாவுச் செய்தி. அழுவார். சற்று நேரம் கழித்து மறுபடியும் தேடுவார், மறுபடியும் யாராவது திருத்தினால் மறுபடியும் அழுவார். பொய் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. "அம்மா ஞாபகம் வந்துட்டதா? அவங்க எப்படி இருப்பாங்க, சொல்லுங்களேன்" என்று கேட்டுப்பாருங்கள். அப்பா அரை மணி நேரம் பேசுவார்.

கொஞ்சம் அவசரமான விஷயமும் இருக்கிறது, இது உறவினர், அக்கம்பக்கத்தார் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. டிமென்ஷியா மெல்லத்தான் கூடும். ஓரிரு நாளில் ஒருவர் திடீரென்று அதிகமாகக் குழம்பினால், இல்லாததைக் கண்டால், ஒரேயடியாக மந்தமாகிப் படுத்துவிட்டால், "நோய் முத்திடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த மருந்து, கீழே விழுந்து தலையில் பட்ட அடி என்று காரணம் வேறாக இருக்கலாம். மருத்துவர்கள் இதை டெலிரியம் என்பார்கள். உடனே காட்டினால் பெரும்பாலும் சரியாகக்கூடியது. அதேபோல, நோய் லூவி பாடி வகை என்று சொல்லியிருந்தால், அதை ஒரு தாளில் எழுதி அவர் பையில் வையுங்கள். ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகள் அவர்களுக்குக் கடுமையான பாதிப்பை உண்டாக்கலாம், அவசரச் சிகிச்சைப் பிரிவில் புதிய மருத்துவருக்கு அந்த விவரம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இந்தத் தாளைப் பற்றி எனக்குச் சொன்னது மருத்துவமனை அல்ல. கூட்டத்தில் அடுத்த நாற்காலியில் இருந்தவர்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் உலகில் 5.7 கோடிப் பேருக்கு டிமென்ஷியா இருந்தது. வீட்டில் கவனித்துக்கொள்கிறவர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 5 மணி நேரம் அதற்காகச் செலவிடுகிறார்கள், அந்த மணி நேரங்களில் 70 விழுக்காடு பெண்களுடையது. குடும்பத்தினருக்கான ஐசப்போர்ட் என்ற பயிற்சியையும் அந்த நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. நல்ல முயற்சி, கட்டாயம் பாருங்கள். ஆனால் அந்த 5 மணி நேரத்துக்கு மேல் பயிற்சிக்கும் நேரம் எடுக்க வேண்டியவர் யார் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

அதனால் உங்கள் அம்மாவைக் கவனித்துக்கொள்ளும் அக்காவிடம் "ஏதாவது உதவி வேணும்னா சொல்லு" என்று இனிமேல் சொல்லாதீர்கள். என்ன வேண்டும் என்று யோசித்துச் சொல்வதும் அவருக்கு இன்னொரு வேலை. "வியாழக்கிழமை நாலு மணிக்கு வர்றேன், ஆறரை வரைக்கும் அம்மாகூட நான் இருக்கேன், நீ வெளிய போயிட்டு வா" என்று சொல்லுங்கள். முதல் வாரம் அவர் போகமாட்டார், வாசலிலேயே நிற்பார். அடுத்த வாரமும் அதே நாலு மணிக்குப் போங்கள். பக்கத்தில் குடும்பத்தினர் கூட்டம் எதுவும் நடந்தால், அக்காவை அனுப்பாமல் முதலில் நீங்கள் போய் உட்காருங்கள்.