ஒஸ்லோவில் கட்டடங்களைப் படம் எடுக்க

ஒஸ்லோவுக்குக் குடிவந்து கமெராவைக் கையில் எடுக்கிறவர், கட்டடத்தைப் பார்க்கமுன் சூரியனைப் பார்க்கப் பழக வேண்டும். யாழ்ப்பாணத்தில் மார்கழியிலும் பகல் 11 மணிநேரத்துக்கு மேல். இங்கே மார்கழி நடுவில் ஆறு மணிநேரம்தான். நண்பகலிலும் சூரியன் 7 பாகைக்கு மேல் ஏறாது. அந்தச் சாய்ந்த வெளிச்சம் செங்கல்லின் ஒவ்வொரு பொருத்தையும் எடுத்துக் காட்டும். ஒடுங்கிய தெருக்களுக்குள் மட்டும் இறங்காது. ஆகவே குளிர்காலத்தில் கடற்கரைப் பக்கமே தோது.

ஆக்கர்ஸ்ஹூஸ் கோட்டைக்குப் பின்னேரம்தான் நேரம். எதிர்க்கரையான ஆக்கர் பிறிக்கெயில் நின்றால் மேற்கு வெளிச்சம் முழுதாக மதிலில் விழும். 1950இல் திறந்த செங்கல் நகரமண்டபமும் அங்கிருந்து கிட்டத்தான். அண்ணாந்து எடுத்தால் அதன் இரட்டைக் கோபுரங்கள் பின்னால் சாய்ந்துவிடும். கமெராவை மட்டமாகப் பிடித்து, தூரம் போய், கீழே வீணாகும் தரையைப் பிறகு வெட்டுங்கள். மென்பொருளில் நிமிர்த்துவதானால் இரு பக்கமும் தாராளமாக இடம் விட்டு எடுக்க வேண்டும். நிமிர்த்தும்போது ஓரங்கள் போய்விடும்.

புதுக் கட்டடங்கள் நிறைந்த கடலோரப் பகுதியான பியோர்விக்கா வேறு உலகம். 2008இல் திறந்த ஒபெரா மண்டபத்தின் சாய்கூரை வெள்ளைக் கராரா பளிங்கு. பனியும் விழுந்தால் கமெரா அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும். கமெராவின் ஒளி அளவுத் திருத்தத்தை (exposure compensation) +1 முதல் +1.7 வரை கூட்டி, ஹிஸ்டோகிராம் எனும் வெளிச்ச வரைபடம் வலது ஓரத்தில் முட்டாமல் பாருங்கள். ஈரப் பளிங்கு வழுக்கும். சப்பாத்துக்கு ஆணிப்பட்டி மாட்டாமல் குளிர்காலத்தில் அதில் ஏறவே கூடாது.

கூரையில் நின்று வடகிழக்கே திரும்பினால் பார்கோட் கட்டட வரிசை. இதற்கு அகலக்கோண லென்ஸை விட 70 மிமீ நல்லது. கட்டடங்களுக்கு இடையிலான கீற்று இடைவெளிகள்தான் அந்த வரிசையின் அழகே. கண்ணாடியின் பிரதிபலிப்பைக் குறைக்க, லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் வடிகட்டி உதவும், ஆனால் நேரே நின்றால் ஒரு பலனும் இல்லை. கண்ணாடிப் பரப்போடு ஏறக்குறைய 35 பாகை சரிவில் நிற்க வேண்டும். 2021இல் திறந்த முங்க் அருங்காட்சியகத்தின் அலுமினியத்திடம் போலரைசர் தோற்றுவிடும், உலோகப் பளபளப்பு அதற்கு அடங்காது. அந்தத் துளையிட்ட தகடுகளில் அலைக்கோடுகள் தெரிந்தால் கொஞ்சம் முன்பின் நகர்ந்து திரும்ப எடுங்கள்.

ஒபெராவுக்கு எதிரே கடலுக்குள் நீளும் சோறெங்கா முனையிலிருந்து இவை எல்லாம் ஒரே சட்டத்தில் அடங்கும். முக்காலியை மிதக்கும் குளிப்புத் தளத்தில் வைக்காதீர்கள். யாராவது நடந்தாலே, ஷட்டரை நீண்ட நேரம் திறந்து எடுக்கும் படம் கலங்கிவிடும். ஆனி மாதத்தில் சூரியன் வடமேற்கே, இரவு பத்தேமுக்காலுக்கு மறைவதால் அங்கிருந்து கட்டடங்கள் கறுப்பு நிழலாகத்தான் வரும். முகப்பு வெளிச்சம் வேண்டுமென்றால் காலையில் போங்கள்.

குளிரில் பற்றரி சடாரென்று இறங்கும். மேலதிகமானதை உள்பொக்கற்றில், உடம்புச் சூட்டில் வையுங்கள். வீட்டுக்குள் வரமுன் மெமரி கார்ட்டை வெளியே எடுத்து, கமெராவைக் காற்றுப்புகாத பையில் மூடி, ஒன்றிரண்டு மணிநேரம் திறக்காமல் விடுங்கள். இல்லாவிட்டால் வீட்டின் ஈரக்காற்று லென்ஸில் நீராகப் படியும்.

படத்தை விற்கும் எண்ணம் இருந்தால் ஒன்று: நோர்வேச் சட்டத்தில் கட்டடங்களைத் தாராளமாகப் படம் எடுக்கலாம். பொது இடத்துச் சிற்பம் அப்படியல்ல. ஒபெராவுக்கு முன்னால் தண்ணீரில் மிதக்கும் மொனிக்கா பொன்விச்சினியின் உருக்கு, கண்ணாடிச் சிற்பம் படத்தின் பிரதான பொருளாக இருந்தால், வணிகத்துக்குப் பயன்படுத்த அனுமதி தேவை. குளிப்பவர்களின் முகம் தெரிந்தால் வெளியிடமுன் அவர்களிடமும் கேட்க வேண்டும்.